நெளியும் கண்ணாடி

அந்த வீட்டை முதலில் பார்த்தவள் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததை எல்லாம் கேட்டால் யாரும் என் பக்கம் நிற்கமாட்டார்கள்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து காரில் பத்து நிமிஷம் போனால் ஒரு சின்ன ஊர் வரும். ஒரே ஒரு மெயின் ஸ்ட்ரீட், அதன் இரண்டு பக்கமும் நூறு வருஷத்துக்கு மேலான கட்டிடங்கள். ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் வந்து நின்ற விடுதியில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் முட்டையும் பன்னும் தருகிறார்கள். நான்கு வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய பேங்கில் பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். மரத்தாலேயே கூம்பு எழுப்பிய சர்ச், அதை ஒட்டி ஒரு பழைய பள்ளிக்கூடம், அதுதான் இப்போது டவுன் ஹால். மீதி எல்லாம் வீடுகள். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க அரை மணி நேரம் போதும். நான் நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும்.

எங்கள் காம்ப்ளெக்ஸை ஒரு தடவை பார்த்தால் இது ஏன் என்று புரியும். எல்லா பில்டிங்கும் ஒரே பழுப்பு, ஒரே படிக்கட்டு, ஒரே கார்ப்பெட். குடிவந்த புதிதில் ஒரு நாள் மளிகைப் பையோடு பக்கத்து பில்டிங்கில் ஏறி, வேறொருவர் வீட்டுக் கதவில் என் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குஜராத்தி அங்கிள் திறந்து, கோபமே இல்லாமல், "நெக்ஸ்ட் பில்டிங், பேட்டா" என்றார். அவருக்கு அது பழகியிருந்தது.

நான் கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். படித்து முடித்து இன்றுவரை ஒரு செங்கல்லைக்கூட வைத்ததில்லை, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில்தான் காலம் போகிறது. அந்தச் சின்ன ஊரில் பழைய கட்டிடங்களைச் சுற்றிக் காட்டும் ஒரு சங்கம் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சும்மா நடக்கப் போனேன். மறு மாதமும் போனேன். அதற்கு அடுத்த மாதம் வழிகாட்டிக்கு முழங்கால் வலி என்று என்னிடம் கேட்டார்கள். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களுக்கு அவர்கள் ஊரை நான் காட்ட ஆரம்பித்தது அப்படித்தான். "சம்பளம் உண்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றதும் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

எங்கள் டூரில் பதினோராவது நிறுத்தம் அந்த வீடு. மூலையில் வட்டமாக ஒரு கோபுரம், அதன் மேல் கூம்புக் கூரை, சுவர் முழுக்க மீன் செதில் மாதிரி அடுக்கிய மரத் துண்டுகள், முன்னால் அகலமான வராந்தா, வாசலில் ஒரு மேப்பிள் மரம். ஆனால் நான் அந்த வீட்டில் மயங்கியது இது எதற்காகவும் இல்லை. ஜன்னல் கண்ணாடிக்காக. அந்தக் காலத்தில் கண்ணாடியைக் கையால் செய்தார்கள், அதனால் அது முழுச் சமமாக இருக்காது. பாலில் ஆடை படியும்போது ஒரு சுருக்கம் விழுமே, அந்த மாதிரி லேசாக நெளிந்திருக்கும். தெருவில் நின்று பார்த்தால் அந்த ஜன்னல்களில் மேப்பிள் மரம் நெளிந்து தெரியும். இரண்டு அடி நகர்ந்தால் மரமும் நகரும். உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஆறு வருஷம் யோசித்திருக்கிறேன்.

அந்த வீடு விலைக்கு வந்தது.

"பழைய வீடா? அது வீடு இல்ல, லைஃப் டைம் ப்ராஜெக்ட்" என்றார் என் வீட்டுக்காரர். "வயரிங் பழசு, பைப் பழசு, பெயின்ட்ல ஈயம் இருக்கும். க்ரீன் கார்டு வரட்டும், பாக்கலாம்." க்ரீன் கார்டு வரட்டும் என்பது எங்கள் வீட்டில் கடவுள் பெயர் மாதிரி. சோபா மாற்றுவதிலிருந்து நாய் வளர்ப்பதுவரை எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டாவது வரலாமே என்றேன். மேட்ச் இருக்கிறது என்றார்.

அதனால்தான் அவளைக் கூப்பிட்டேன். அவள் என் தோழி, மதுரைக்காரி. பத்து வருஷமாக எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே, பார்க்கிங்குக்கு எதிர்ப் பக்கம் இருந்தவள். எனக்குப் பிரசவமானபோது பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தவள். என்னிடம் இல்லாத ஒன்று அப்போது அவளிடம் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் பிறந்தது மஸ்கட்டில். அவருடைய அப்பா அங்கே எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார். க்ரீன் கார்டுக்குப் பிறந்த நாடுதான் கணக்கு, வளர்ந்ததெல்லாம் மதுரை என்றாலும் அவர் ஓமன் வரிசையில் நின்றார். அந்த வரிசையில் ஆளே இல்லை. அவருடன் சேர்ந்து அவளுக்கும் கிடைத்துவிட்டது. எனக்கோ மாமனார் ஈரோட்டைத் தாண்டிப் போனதே கல்யாண ரிசப்ஷனுக்குத்தான். அவளுக்கு க்ரீன் கார்டு வந்த அன்று நான்தான் கேசரி கிண்டினேன். நெய் கூடுதலாகப் போட்டேன், வயிற்றெரிச்சல் வெளியே தெரியக்கூடாது என்று.

ஓபன் ஹவுஸுக்கு, அதாவது விற்கிற வீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டும் நாளுக்கு, அவள் எனக்குத் துணையாகத்தான் வந்தாள். அதற்கு முன் ஒரு தடவைகூட என் டூருக்கு வந்ததில்லை, அடுத்த மாசம் வரேன்டி என்றே ஆறு வருஷத்தைக் கடத்தியவள். உள்ளே நுழைந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் கதவுகளை இழுத்துக் காட்டினேன். மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கோபுர அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தி, "தலைய மெதுவா ஆட்டிப் பாரு" என்றேன். வெளியே மேப்பிள் மரம் நெளிந்து நெளிந்து ஆடியது. ஆறு வருஷம் யோசித்த காட்சி. அதை நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்த்தேன்.

இந்த வீடு எனக்கு வேண்டும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. வாங்க முடியாத ஒன்றுக்கு ஆசைப்படுவதை இன்னொருத்தி முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு வராது. வழிகாட்டி மாதிரியே பேசினேன், வழிகாட்டி மாதிரியே கிளம்பி வந்தேன்.

மூன்றாம் நாள் போன் பண்ணினாள். "உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன். அந்த வீட்டுக்கு ஆஃபர் போட்டுட்டோம்டி."

நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நல்லதாகத்தான் சொல்லியிருப்பேன். அன்று சாதம் அடிப்பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

வீடு அவர்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகு அவள் போகிற இடத்திலெல்லாம், "இவ வாயாலதான் நாங்க இந்த வீட்ட வாங்கினோம். இவ சொல்லலன்னா அது ஏதோ பழைய வீடுன்னு போயிருப்போம்" என்று என்னைக் காட்டிச் சொல்லுவாள். நன்றியாகத்தான் சொன்னாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். என் டூரின் பதினோராவது நிறுத்தத்தில் இப்போது அவளுடைய செருப்பு கிடந்தது. நான் அதற்கு எதிரே தெருவில் நின்று, அட்டையை மாட்டிக்கொண்டு, அவள் வீட்டின் பெருமையை ஊருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

இனி ஜன்னல் விஷயம்.

நம் ஆட்கள் ஒரு வேலையைத் தொடங்கும் விதம் தெரியும்தானே. முதலில் முகூர்த்தம் குறிப்போம், பிறகு வாட்ஸ்அப்பில் அழைப்பு போகும், அதற்கப்புறம்தான் வேலை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். வைகாசியில் கடைசி முகூர்த்தத்துக்கு கிருகப்பிரவேசம் வைத்தாள். அதை விட்டால் ஆவணிதான், அதற்குள் ஊரிலிருந்து வந்த மாமியாரும் மாமனாரும் திரும்பிப் போய்விடுவார்கள். இருநூறு பேருக்கு அழைப்பு போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு மதிய வேளையில், நான் ஆபீஸ் கஃபட்டேரியாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஒரு ஜன்னல்கூட ஓபன் ஆக மாட்டேங்குதுடி. மேல மேல பெயின்ட் அடிச்சு அப்படியே ஒட்டிப் போயிருக்கு. ஐயர் வந்து பாத்துட்டு, ஹோமப் புகை வெளிய போகணும், இல்லன்னா அலாரம் அடிச்சு ஃபயர் இன்ஜின் வந்துடும்ங்கறார். எடிசன்ல ஒரு வீட்டுல மந்திரம் சொல்லிட்டு இருக்கறப்பவே வந்து நின்னானுங்களாம்."

"ம்."

"நம்ம ஆளு ஒருத்தர் கான்ட்ராக்டர் இருக்கார். மொத்தத்தையும் கழட்டிட்டு வினைல் ஜன்னல் போட்டுடறேன், ரெண்டே நாள்ங்கறார். குளிருக்கும் நல்லதாம். டவுன்ல ஏதாவது பெர்மிஷன் வாங்கணுமாடி? உனக்குத்தான இதெல்லாம் தெரியும்."

எனக்குத் தெரியும். எங்கள் டூர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் வீடுகளில் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் எதை மாற்றினாலும் டவுன் கமிட்டியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஒவ்வொரு டூரின் முடிவிலும் நான் வாய்விட்டுச் சொல்லும் வரி அது. இன்னொன்றும் தெரியும். ஒட்டிப்போன பழைய ஜன்னலைத் திறக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு கத்தியை ஓட்டிப் பெயின்ட்டை அறுத்துவிட்டு, உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினால் போதும், சட்டம் மேலே ஏறித் திறந்துகொள்ளும். சங்கத்தில் இருக்கும் தச்சர் ஒருவர் என் கண் முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறார். ஒரு மதியம் நானே போய் அத்தனை ஜன்னலையும் திறந்து கொடுத்திருக்கலாம்.

"தெரியலடி" என்றேன். "அவரையே கேளு. கான்ட்ராக்டருக்குத் தெரியாததா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் என் மனதில் இருந்தது ஒரு கடிதம்தான். டவுன் முத்திரை போட்ட ஒரு வெள்ளைக் கவர் அந்த வீட்டுக்கு வர வேண்டும். அவள் பிரித்துப் படித்து முகம் சுருங்க வேண்டும். கொடுத்து வைத்தவள், கேட்டதெல்லாம் கிடைத்தவள், அவளுக்கும் ஒரு தடவை யாராவது முடியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். ஜன்னலை நான் நினைக்கவே இல்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. ஆறு வருஷம் எந்தக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுதேனோ அதை அந்த நிமிஷம் மறந்தே போய்விட்டேன்.

கான்ட்ராக்டர் என்ன சொன்னார் என்று அவளே மறுநாள் சொன்னாள். ஜன்னல் மாற்றுவதற்கெல்லாம் யார் பெர்மிஷன் கேட்கிறார்கள் என்றாராம்.

வேலை தொடங்கிய அன்று எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனேன். பல் டாக்டர் அந்த ஊர் பேங்க் கட்டிடத்தில்தான் இருக்கிறார், அதனால் பாதி உண்மை. அவள் அங்கே இல்லை. அவர்கள் இன்னும் குடிவரவில்லை. கோபுரத்தில் மட்டும் ஜன்னல்களைக் கழற்றியிருந்தார்கள். வட்டச் சுவரில் வெறும் ஓட்டைகள். கழற்றிய சட்டங்களைக் கண்ணாடியோடு மேப்பிள் மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் அப்படியே சுவரில் இருந்தன, மதிய வெயில் அவற்றில் நெளிந்துகொண்டிருந்தது.

நான் நடைபாதையில் நின்றேன். போன் கையில்தான் இருந்தது. அப்போது ஒரு போன் பண்ணியிருந்தால் மீதி அத்தனையும் தப்பியிருக்கும். பண்ணவில்லை. அப்போது சொன்னால், இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு நின்றேன்.

வேலை செய்துகொண்டிருந்தவர் நான் அந்தச் சட்டங்களையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் குப்பை வண்டிக்குத்தான் போகிறது என்றார். ஒன்றை எடுத்தேன். கார் டிக்கியில் பிள்ளையின் ஸ்விம்மிங் டவலை விரித்து அதன் மேல் கிடத்தி, வேகத்தடை வரும்போதெல்லாம் ஊர்ந்து, அபார்ட்மென்டுக்குக் கொண்டுவந்தேன். பால்கனியில் இருக்கும் ஸ்டோர் அலமாரியில், கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

"என்னது இது, குப்பையெல்லாம் தூக்கிட்டு வர?" என்றார் வீட்டுக்காரர்.

"டூருக்கு வேணும்" என்றேன்.

கிருகப்பிரவேசத்தன்று ஜன்னல்கள் விரலால் தள்ளினால் திறந்தன. புகை சமர்த்தாக வெளியே போனது. ஃபயர் இன்ஜின் வரவில்லை. வெள்ளை வெளேரென்று பளபளக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள், தட்டையான கண்ணாடி, அதில் ஆடாமல் அசையாமல் ஒரு மேப்பிள் மரம். "புது ஜன்னல் போட்டப்புறம்தான்மா வீடு வீடா இருக்கு" என்று அவள் மாமியார் என்னிடம் சொன்னார். பட்டுப்புடவையில் அவள் பால் காய்ச்சினாள். பொங்கும்போது என்னைத்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கோபுர அறைக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கப் போவது போல் இறங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் ஜன்னல் போனது எனக்கு உறைத்தது. போனது அவளுடையது இல்லை, என்னுடையது. அவளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, அவள் சந்தோஷமாக ஜாங்கிரி பரிமாறிக்கொண்டிருந்தாள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வாரம் கழித்து நான் ஆசைப்பட்ட அந்தக் கடிதம் வந்தது. தெருவுக்கு எதிர்வீட்டுக்காரர் யாரோ டவுனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அனுமதி இல்லாமல் மாற்றியதற்கு விளக்கம் சொல்ல கமிட்டி முன் வர வேண்டும். "கூட வரியாடி? தனியா போக பயமா இருக்கு" என்றாள். போனேன். கிளம்பும்போது அந்தச் சட்டத்தைக் காரில் ஏற்றினேன். கொடுப்பதற்கா, காட்டுவதற்கா, எதற்கு என்று எனக்கே தெளிவில்லை. வீட்டில் அதைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

டவுன் ஹாலில் பழைய வகுப்பறையில்தான் கூட்டம். கரும்பலகையை இன்னும் எடுக்கவில்லை. நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். அதில் மூன்று பேருக்கு என்னைத் தெரியும், டூரில் பழக்கம், பார்த்ததும் தலையசைத்தார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன். அவளும் வீட்டுக்காரரும் முன்னால் போய் நின்றார்கள். அவள் ஆபீஸ் பிரசன்டேஷனுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தாள். ஹோமத்தைப் பற்றி, புகையைப் பற்றி, திறக்காத ஜன்னலைப் பற்றி எல்லாம் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் இந்த விதி இருந்திருக்குமே என்றார் தலைவர். அந்தக் கட்டை முழுசாகப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

தலைவர் வயதானவர், சுபாவத்தில் நல்லவர். "யாருமே உங்களுக்குச் சொல்லவில்லையா? யாரிடமாவது கேட்டீர்களா?" என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவரைப் பார்த்து, "இல்லை. நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. தப்பு எங்களுடையது" என்றாள்.

எனக்காகச் சொன்ன பொய். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வழிகாட்டிக்கே விதி தெரியவில்லை என்று என் ஆட்கள் முன்னால் எனக்கு அவமானம் வந்துவிடக்கூடாது என்று மறைத்தாள். நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். அந்த இடத்தில், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வெட்கத்தைவிட முதலில் எனக்கு வந்தது அந்தப் பொறாமைதான்.

கமிட்டி தங்களுக்குள் பேசியது. தெருப் பக்கத்து வினைல் ஜன்னல்களை எடுத்துவிட்டு, பழையது போலவே மரத்தில் செய்து மாட்ட வேண்டும். ஆனால் பழையது எப்படி இருந்தது? போட்டோவில் சட்டத்தின் வளைவும் விளிம்பும் தெரியாது. அசலில் ஒன்றாவது மிச்சம் இருந்தால் அதைப் பார்த்துத் தச்சர் செய்துவிடுவார். ஒன்றாவது இருக்கிறதா?

"எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது" என்றார் அவள் வீட்டுக்காரர்.

நான் எழுந்து, ஒன்று இருக்கிறது, என் காரில் இருக்கிறது என்றேன்.

அறை முழுக்க ஒரு நிம்மதி. டவலில் சுற்றிய சட்டத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தபோது தலைவர் விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். உங்களைப் போல ஆள் இருப்பதால்தான் இந்த ஊர் பிழைக்கிறது என்று என்னிடம் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் வீட்டுக்காரர் கைகூப்பினார். அவள் மட்டும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பார்க்கிங்கில் அவள் தன் வீட்டுக்காரரைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எப்ப எடுத்தே?"

"குப்பை வண்டி வர்றதுக்கு முன்னாடி."

"அது தெரியுது. எந்த நாளுன்னு கேட்டேன்."

"மொத நாள்."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "மொத நாள் டவர் மட்டும்தான் கழட்டினாங்க. முன்னாடி ஜன்னல் எல்லாம் மறுநாள்தான். அன்னிக்கு எல்லாமே செவுத்துல இருந்துச்சு."

நான் கார் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றாள். "நான் போன் பண்ணப்பவே தெரியும்."

"தெரியும்."

"எதுக்குடி?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் நேராகச் சொன்னேன். "எனக்கு அந்த வீடு வேணும்னு இருந்துச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்பச் சாதாரணமாக, ஆபீஸ் விஷயம் பேசுவது போல, "அன்னிக்கு ஓபன் ஹவுஸ்ல இந்த வார்த்தைய ஒரு தடவை சொல்லியிருந்தீன்னா, நான் அந்த வீட்டுக்கு ஆஃபரே போட்டிருக்க மாட்டேனே" என்றாள். பிறகு காருக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் இல்லை. கடையில் கறிவேப்பிலை எடுக்கும் இடத்தில் ஒரு தடவை எதிரெதிரே வந்தோம். பசங்க நல்லா இருக்காங்களா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம்.

இலையுதிர் காலத்துக்குள் தச்சர் மரச் சட்டங்களைச் செய்து மாட்டிவிட்டார். நல்ல வேலைதான், வளைவு எல்லாம் அச்சாக வந்திருந்தது. ஆனால் கண்ணாடி புதுசு, தட்டை. நான் கொடுத்த சட்டத்தை மட்டும் கோபுர அறையில் அதன் பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். அத்தனை ஜன்னலிலும் ஒன்றில் மட்டும் மரம் நெளிகிறது. டூருக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் அதைக் கவனித்துவிடுவார், ஏன் அது மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்பார். நானும் பல மாதம், வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் விதி தெரியாமல் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அடுத்த நிறுத்தத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். பொய் இல்லை. அவர்களுக்குத் தெரியாது என்பது நிஜம்தான். என் பெயர் அதில் வராது, அவ்வளவுதான்.

போன மாத டூரில் ஒன்பது பேர். நல்ல வெயில். பதினோராவது நிறுத்தத்துக்கு வந்தபோது அவள் வராந்தாவில் லேப்டாப்பும் காபியுமாக உட்கார்ந்திருந்தாள். மேலே அந்தப் பழைய ஜன்னல் திறந்திருந்தது. யாரோ கத்தியை ஓட்டி, மாட்டியபின் அடித்த புதுப் பெயின்ட்டை அறுத்துவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. நான் கோபுரத்தைப் பற்றி, மீன் செதில் சுவரைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது, ஏனென்றால் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஆறு வருஷம் வராதவள் கடைசியில் என் டூருக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தொப்பி போட்ட ஒரு பெண்மணி, மற்ற ஜன்னல்களின் பழைய கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்களுக்கு விதி தெரியாது" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "அவர்கள் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்."

"ஏன்?" என்றார் அந்தப் பெண்மணி.

"பொறாமை" என்றேன் ஆங்கிலத்தில். "இந்த வீட்டைப் பாருங்கள். உங்களுக்கு இருக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். டூரில் சொல்லும் ஜோக் என்று எடுத்துக்கொண்டார்கள். வராந்தாவில் இருந்தவள் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே கோபுர அறையில் அந்த ஜன்னல் கீழே இறங்கி மூடியது. கண்ணாடியில் மேப்பிள் மரம் நெளிந்து வந்து நின்றது, அதற்குப் பின்னால் அவளும் நிற்பது தெரிந்தது. உள்ளிருந்து அந்த மரத்தைப் பார்ப்பவள் அவள்தான். இத்தனைக்கும் பிறகும், அந்த நிமிஷத்திலும், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்தது பேங்க் கட்டிடம் என்று சொல்லி, ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.